பத்து ரேடியோவில் ஒரு பாட்டு

பேசின் பிரிட்ஜ் ஸ்டேஷனுக்குப் பின்னால், ரயில் பாதைக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் நடுவில் ஒடுங்கிக் கிடந்த தெரு எங்களுடையது. நீளம் முந்நூறு கஜம் இருக்கும். அறுபதுகளின் கடைசியில் அந்தத் தெருவில் மொத்தம் பத்து ரேடியோதான். முனையில் டீக்கடை, மறுமுனையில் சலூன், நடுவில் வசதியுள்ள எட்டு வீடு. சாயங்காலமானால் பத்திலும் இலங்கை வானொலி. சிற்றலை என்பதால் பாட்டு நிலையாக நிற்காது. டி.எம்.எஸ். குரல் உச்சிக்கு ஏறும் நேரத்தில் மெல்லத் தேய்ந்து கரகரப்புக்குள் போய்விடும். பத்துப் பதினைந்து விநாடி கழித்து, ஒன்றும் நடக்காதது போலத் திரும்பி வரும். “பாட்டு கெணத்துல விழுந்துடுச்சு” என்பாள் எங்கள் ஆயா.

ஒருநாள் மண்ணெண்ணெய் டின்னோடு என்னைக் கடைக்கு அனுப்பினாள். டீக்கடையில் ஆரம்பித்த பாட்டு மங்கியபோது நான் மூன்றாவது வீட்டைத் தாண்டிக்கொண்டிருந்தேன், அங்கே அது தெளிவாக இருந்தது. அந்த வீட்டு ரேடியோ கிணற்றில் விழும்போது சலூன் ரேடியோ எழுந்து நின்றது. பல்லவி முதல் கடைசிச் சரணம் வரை ஒரு வார்த்தை விடாமல் அன்றைக்குத்தான் கேட்டேன். ஆயாவிடம் சொன்னதற்கு, “அப்போ தெனம் நடந்துகினே கேளு” என்றாள்.

இதற்கு விளக்கம் எனக்குக் கிடைத்தபோது வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. சிற்றலை வானத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பி வருவது. பல வழியாக வரும் அலைகள் ஓரிடத்தில் ஒன்றையொன்று தூக்கிவிடும், இன்னோர் இடத்தில் ஒன்றையொன்று அழித்துவிடும். அந்த அழிவு எங்கும் ஒரே நேரத்தில் நடப்பதில்லை. முப்பத்தோரு மீட்டர் அலைக்கு எங்கள் தெருவின் நீளம் ஒன்பது அலைநீளம். டீக்கடையின் நல்ல நேரத்துக்கும் சலூனின் கெட்ட நேரத்துக்கும் சம்பந்தம் இல்லாமல் போக அந்தத் தூரம் போதும். அமெரிக்காவில் ஆர்.சி.ஏ. கம்பெனியின் பெவரேஜ், பீட்டர்சன் என்ற இரண்டு பொறியாளர்கள் இதையே தொழிலாக்கினார்கள். கடல் தாண்டி வரும் தந்தியைப் பல நூறு அடி இடைவெளியில் நிற்கும் மூன்று ஆன்டெனாவில் வாங்கி, ஒன்றாகச் சேர்த்தார்கள். 1931-ல் கட்டுரையாக வெளியிட்டார்கள். எங்கள் தெருவுக்கு யாரும் கட்டுரை எழுதவில்லை.

பத்து ரேடியோவில் ஒரு பாட்டைக் கேட்ட அந்த வித்தையேதான் ராக்கெட்டின் குரலைக் கேட்கவும் உதவுகிறது, அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நான் ரயில்வே சிக்னல் பிரிவில் முப்பத்து நான்கு வருஷம் இருந்தவன். ராக்கெட் பற்றி எழுத எனக்கு உள்ள தகுதி, ஒருவகையில் அதற்கு நேர் எதிரான தொழிலில் இருந்ததுதான். டிராக் சர்க்யூட் என்று ஒன்று உண்டு. தண்டவாளத்தின் ஒரு துண்டில் சின்ன அளவு மின்சாரம் ஓடும். மறுமுனையில் ஒரு ரிலே அதை வாங்கித் தூக்கி நிற்கும். வண்டி ஏறினால் சக்கரமும் அச்சும் இரண்டு தண்டவாளத்தையும் குறுக்கே இணைத்துவிடும். ரிலேவுக்கு மின்சாரம் போகாமல் அது விழும், சிக்னல் சிவப்பாகும். கம்பி அறுந்தாலும் விழும். பேட்டரி தீர்ந்தாலும் விழும். ஐப்பசி மழையில் ஜல்லிக்குள் தண்ணீர் தேங்கி மின்சாரம் கசிந்தாலும் விழும். ரிலே பொய் சொல்லலாம், ஆனால் ஒரு பக்கமாகத்தான் சொல்ல வேண்டும் என்பது எங்கள் வேதம். இல்லாத வண்டியை இருக்கிறது என்று சொன்னால் பயணிகள் நம்மைத் திட்டுவார்கள், அவ்வளவுதான். இருக்கிற வண்டியை இல்லை என்று சொல்லக் கூடாது.

பிற்பாடு அச்சு எண்ணும் கருவி வந்தது. உள்ளே நுழைந்த அச்சு எத்தனை என்று ஒரு முனை எண்ணும், வெளியே போனவை எத்தனை என்று மறுமுனை எண்ணும். கணக்கு ஒத்துப்போகாவிட்டால் யார் சொல்வது சரி என்று விசாரணையெல்லாம் கிடையாது. பாதையில் வண்டி இருப்பதாகவே வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்து மூன்று கணினியை ஒரே கணக்குப் போடச் சொல்லி, இரண்டு ஒத்துப்போனால் ஏற்கும் முறை. இங்கிலாந்தில் லீமிங்டன் ஸ்பா ஸ்டேஷனில் 1985-ல் அப்படி ஒன்று வேலைக்கு வந்தது. எதிலும் சந்தேகம் என்றால் சிவப்பு. வண்டி நின்றால் போதும், யோசிக்க நேரம் கிடைக்கும்.

கிளம்பிய ராக்கெட்டை நிறுத்தி யோசிக்க முடியாது.

ஸ்ரீஹரிகோட்டாவுக்கும் எங்கள் ஊருக்கும் உறவு ராக்கெட்டுக்கு முந்தியது. பேசின் என்ற பெயரே படகுகள் ஒதுங்கி நிற்கும் தண்ணீர்த் தொட்டியைக் குறிப்பது. பேசில் காக்ரேன் என்ற வெள்ளைக்காரர் பெயரால் ஒரு கால்வாய் 1806-ல் எண்ணூர் வரை முடிந்தது. பிறகு அரசாங்கம் எடுத்துக்கொண்டு வடக்கே வடக்கே நீட்டியது. தாது வருஷப் பஞ்சத்தின்போது கூலி வேலையாகக் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து வெட்டினார்கள். 1878-ல் கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பெயர் வைத்தார்கள். இந்தக் கால்வாய் பழவேற்காடு ஏரி வழியாக ஸ்ரீஹரிகோட்டா தீவை ஒட்டிப் போகிறது. தீவில் சவுக்குத் தோப்பும் காடும். யானாதிகள் என்ற பழங்குடி மக்கள் அங்கே இருந்தார்கள். சென்னைப் பட்டணத்து அடுப்புகளுக்கு விறகு அங்கிருந்துதான் படகில் வந்தது. எண்ணூர்ப் பக்கத்து உப்பும் அதே வழி. எங்கள் பக்கத்துச் சரக்கு ஸ்டேஷனுக்கு சால்ட் கொட்டாரம் என்று பெயர் இருப்பது அதனால்தான். என் தாத்தா அந்தப் படகை இழுத்தவர். காற்று இல்லாத நாளில் கரையில் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பாராம். அவருக்கு ஸ்ரீஹரிகோட்டா என்றால் விறகும் கொசுவும்தான்.

அந்தத் தீவை 1969-ல் ஏவுதளத்துக்கென்று தேர்ந்தெடுத்தார்கள். கிழக்கே கடல், பூமி சுழலும் திசையிலேயே ஏவலாம், விழுவது எதுவானாலும் தண்ணீரில் விழும். யானாதிகள் தீவைவிட்டு வெளியேற வேண்டியிருந்தது, அது தனிக் கதை, அதை எழுத வேண்டியவர்கள் அவர்கள். 1971 அக்டோபர் 9-ல் முதல் சிறு ராக்கெட் அங்கிருந்து போனது. எட்டு வருஷம் கழித்து, 1979 ஆகஸ்ட் 10-ல், எஸ்.எல்.வி.-3. இருபத்திரண்டு மீட்டர் உயரம், பதினேழு டன் எடை. ராமேஸ்வரத்து அப்துல் கலாம் அதற்குத் திட்ட இயக்குநர்.

அன்றைக்கு நடந்ததைக் கலாமே பின்னாளில் மேடைகளில் பலமுறை சொல்லியிருக்கிறார். கடைசி நிமிடங்களில் கணினி ‘நிறுத்து’ என்றது. இரண்டாம் அடுக்கின் கட்டுப்பாட்டு அமைப்பில் ஏதோ கசிவு. கூட இருந்த நிபுணர்கள் கணக்குப் போட்டு, கையிருப்பு அமிலம் போதும் என்றார்கள். கலாம் கணினியை ஒதுக்கிவிட்டு ஏவச் சொன்னார். முதல் அடுக்கு நன்றாக எரிந்தது. இரண்டாவது அடுக்கில் வண்டி கட்டுப்பாடு இழந்து, 317 விநாடியில் வங்கக் கடலில் விழுந்தது. பத்திரிகைக்காரர்களுக்கு முன்னால் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான் தானே உட்கார்ந்து பொறுப்பை ஏற்றார். தவறை ஒப்புக்கொண்டு அதையே பாடமாகச் சொல்லித் திரிந்த கலாம் மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் ஒரு சிக்னல்காரனாக, சிவப்பு விழுந்தபிறகு வண்டியை அனுப்பிய கதையாகத்தான் அது என் காதில் விழுகிறது.

எனக்கு முக்கியம் அடுத்த கட்டம். உடைந்த இரும்பு கடலுக்கு அடியில். கையில் மிஞ்சியது ராக்கெட் விழும்வரை ரேடியோவில் அனுப்பிக்கொண்டே இருந்த அளவுகள், அதாவது டெலிமெட்ரி மட்டும். அதை வைத்துத்தான் தேடினார்கள். கிளம்புவதற்குச் சில நிமிடம் முன்னாலேயே ஒரு வால்வில் தூசி மாட்டி, அது மூடாமல் நின்று, நைட்ரிக் அமிலம் கசிந்துபோயிருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். அடுத்த வருஷம், 1980 ஜூலை 18-ல், இன்னொரு எஸ்.எல்.வி.-3 ஏற்றிச்சென்ற ரோகிணி செயற்கைக்கோள் சுற்றுப்பாதைக்குப் போய்ச் சேர்ந்தது.

டெலிமெட்ரி எப்படி வேலை செய்கிறது என்பதை எனக்குச் சொன்னவர் சூலூர்பேட்டை லோக்கலில் எனக்குப் பழக்கமானவர். அந்தத் தொழிலிலேயே தலை நரைத்தவர். பெயர் வேண்டாம். பேசின் பிரிட்ஜில் சிக்னலுக்காக வண்டி நிற்கும்போதெல்லாம், “உங்க ஆளுங்கதான் சார் நிறுத்திட்டாங்க” என்பார்.

ராக்கெட்டின் உடம்பெல்லாம் அளவிகள். அழுத்தம், வெப்பம், அதிர்வு, வால்வு திறந்ததா மூடியதா, எந்தத் திசையில் எவ்வளவு சாய்ந்தது. நூற்றுக்கணக்கானவை. எல்லாவற்றுக்கும் தனித்தனி ரேடியோ வைக்க முடியாது. அதனால் ரேஷன் கடை வரிசை மாதிரி, ஒவ்வோர் அளவியும் தன் முறை வரும்போது தன் எண்ணைச் சொல்லிவிட்டு நகரும். எல்லோரும் சொல்லி முடித்தால் ஒரு ஃபிரேம். உடனே மறுபடி முதலிலிருந்து. ஒவ்வொரு ஃபிரேமின் தலையிலும் மாறாத ஓர் அடையாளம் இருக்கும். கீழே கேட்பவர்களுக்கு அதுதான் பிடிகயிறு. அது சிதைந்தால், எந்த எண் எந்த அளவியுடையது என்பதே தெரியாமல் போகும். அழுத்தத்தை வெப்பமாகப் படித்துத் தொலைக்கலாம்.

சிதைவதற்குக் காரணங்களும் நிறைய. திட எரிபொருளில் அலுமினியத் தூள் உண்டு. அதன் தீப்பிழம்பும் புகையும் ரேடியோ அலையைத் தின்னும். ஏவுதளத்தில் நிற்கும் டிஷ், விலகிப் போகும் ராக்கெட்டின் வாலைத்தானே பார்க்க முடியும்? அப்படியென்றால் தீயின் ஊடாகப் பார்க்கிறது. பக்கவாட்டில் தள்ளி நிற்கும் டிஷ்ஷுக்கு அந்தத் தொந்தரவு குறைவு. ராக்கெட் திரும்பும்போது அலை முறுக்கிக்கொண்டு வரும் விதமும் மாறும். அதனால் ஒரே டிஷ்ஷில் இடச்சுழி அலைக்கு ஒரு ரிசீவர், வலச்சுழிக்கு ஒரு ரிசீவர். தொடுவானத்தை நெருங்கும்போது கடலில் பட்டு எதிரொலிக்கும் அலை நேரே வரும் அலையோடு மோதும், எங்கள் தெரு சிற்றலை மாதிரியே. தொடுவானத்துக்குக் கீழே இறங்கிவிட்டால் சுத்தமாக ஒன்றும் கிடையாது.

“அப்போ ரெண்டு ரிசீவர்ல எது நல்லாருக்கோ அதை எடுத்துப்பீங்களா?” என்று கேட்டேன்.

“அது ஒரு வழி சார். அதைவிட நல்லது, ரெண்டையும் சேர்க்கிறது. கரகரப்பு அவனவனுக்குத் தனி. பாட்டு மட்டும்தானே பொது?”

எனக்குச் சட்டென்று ஆயாவின் ஞாபகம் வந்தது. நியாயம்தான். இரண்டு ரிசீவரின் சிக்னலையும் ஒரே தாளத்தில் நிறுத்திக் கூட்டினால் பாட்டு பாட்டோடு சேர்ந்து வலுக்கும். இரைச்சலோ ஒன்றுக்கொன்று ஒட்டாமல், ஓரளவு தன்னையே அடித்துக்கொள்ளும். எப்படிக் கூட்டுவது என்பதிலும் ஒரு கணக்கு உண்டு. நன்றாகக் கேட்பவன் சொல்லுக்கு அதிக எடை, அரைகுறையாகக் கேட்பவனுக்குக் குறைந்த எடை, ஆனால் அவனை வெளியே அனுப்புவதில்லை. லெனார்ட் கான் 1954-ல் இதை எழுதினார். பிரென்னன் 1959-ல் மூன்று நான்கு முறைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கணக்கு போட்டுக் காட்டினார். எடைபோட்டுக் கூட்டியதுதான் ஜெயித்தது. எங்கள் மூன்றுக்கு இரண்டு வாக்கெடுப்பைவிட இது பெருந்தன்மையான முறை. எங்களிடம் ஒத்துப்போகாத மூன்றாவது கணினியின் கதையை முடித்துவிடுவோம்.

ஆனால் அந்தக் கூட்டல் ஒரே நிலையத்துக்குள்தான் சுலபம். ஸ்ரீஹரிகோட்டாவுக்கும் போர்ட் பிளேருக்கும் நடுவே கிட்டத்தட்ட ஆயிரத்து நானூறு கிலோமீட்டர் கடல். அலையை அலையோடு கூட்ட முடியாது. அங்கே ஒவ்வொரு நிலையமும் ஃபிரேமைப் பிரித்து எழுதிவிட வேண்டும், பிறகு ஃபிரேமை ஃபிரேமோடு ஒப்பிட வேண்டும். இங்கே பழுது, அங்கே நல்லது என்றால் அங்கிருந்து எடுத்துத் தைக்க வேண்டும். பழைய காலத்தில் உலகம் முழுக்கவே இது காந்த நாடாவில் நடந்த தையல். ஆளுக்கொரு நாடாவில் பதிந்துகொண்டு, பின்னால் ஓரிடத்தில் உட்கார்ந்து ஒட்டுவது. பின்னால் செயற்கைக்கோள் இணைப்பில் உடனுக்குடன் வர ஆரம்பித்தது, கூடவே ஒரு புதுச் சிக்கலும். போர்ட் பிளேர் வாங்கிய ஃபிரேம் முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் ஏறி, அதே தூரம் இறங்கி வருவதற்குள் கால் விநாடி ஓடிவிடும். ஏவுதளத்து டிஷ் வாங்கிய அதே ஃபிரேம் அதற்குள் பழசாகியிருக்கும். இரண்டையும் அப்படியே பக்கத்தில் வைத்தால் ராக்கெட் இரண்டு இருப்பது போல இருக்கும்.

“ரெண்டு ஸ்டேஷன் ரெண்டு மாதிரி சொன்னா? சிவப்பு போட முடியாதே?” என்று ஒருமுறை மடக்கினேன்.

“மொதல்ல ரெண்டு பேர் கடிகாரத்தையும் பாப்போம் சார். பாதி சண்டை அங்கேயே முடிஞ்சுடும்.”

ரயில்வேயில் இதற்கு ஒரு பூர்வகதை இருப்பதை அவரிடம் சொன்னேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பம்பாய்க்கு ஒரு நேரம், கல்கத்தாவுக்கு ஒரு நேரம். ரயில்களை மேய்க்க முடியாமல், நடுவில் இருந்த மதராஸ் நேரத்தையே ரயில்வே நேரமாக வைத்தார்கள். நுங்கம்பாக்கம் வானாய்வகத்தின் கடிகாரம் சொல்லும், தந்திக் கம்பி எல்லா ஸ்டேஷனுக்கும் அதைக் கொண்டுபோகும். சாட்சிகளைச் சேர்ப்பதற்கு முன்னால் அவர்களுக்கு ஒரே கடிகாரம் கொடுக்க வேண்டும் என்ற புத்தி எங்களுக்கு முன்னாடியே இருந்தது என்று பெருமையடித்துக்கொண்டேன். அவர் மறுக்கவில்லை.

நிலையங்களின் வரிசையே ஒரு ரயில் பாதை போலத்தான். இஸ்ட்ராக் என்ற அமைப்பு பெங்களூரில் தலைமையிடம் வைத்து இதைக் கவனிக்கிறது. கிழக்கே போகும் ராக்கெட்டுக்கு ஸ்ரீஹரிகோட்டா, போர்ட் பிளேர், புருனே, இந்தோனேசியாவின் பியாக். தெற்கே துருவப் பாதைக்குப் போவதென்றால் திருவனந்தபுரம், மொரிஷியஸ். ஒருவர் கையைவிடும் முன் அடுத்தவர் பிடித்திருக்க வேண்டும். இருவரும் சேர்ந்து பிடித்திருக்கும் அந்த நிமிடங்கள்தான் தையல் போடும் இடம்.

நிலமே இல்லாத இடத்துக்கு? மங்கள்யானுக்கு அந்தக் கஷ்டம் வந்தது. பி.எஸ்.எல்.வி.யின் மூன்றாம் அடுக்கு அணைந்தபிறகு, நான்காவதைப் பற்றவைக்காமல் நெடுநேரம் சும்மா மிதக்கவிட வேண்டியிருந்தது. அது பற்றும் இடம் தென் பசிபிக்குக்கு மேலே. அங்கே நமக்கு ஒரு திண்ணைகூடக் கிடையாது. இந்தியக் கப்பல் கழகத்தின் நாளந்தா, யமுனா என்ற இரண்டு கப்பலில் டிஷ்களை ஏற்றி அனுப்பினார்கள். ஆடுகிற கப்பலில் நின்றுகொண்டு, ஓடுகிற ராக்கெட்டைக் குறிவைக்க வேண்டும். நாளந்தா மோசமான வானிலையில் மாட்டி ஃபிஜிப் பக்கம் போய்ச் சேரத் தாமதமானது. 2013 அக்டோபர் 28-க்கு வைத்திருந்த ஏவுதலை நவம்பர் 5-க்குத் தள்ளிவைத்தார்கள். செவ்வாய்க்குப் போகிற வண்டி, கேட்க ஒரு காது வந்து சேராததற்காக ஒரு வாரம் காத்திருந்தது. இந்த ஒரு சம்பவத்தில் அவர்களும் சிக்னல்காரர்கள்தான் என்று எனக்குச் சந்தோஷம்.

ஒரு சின்ன விஷயம் சொல்ல வேண்டும், இந்தச் சேர்ப்பு எவ்வளவு நுணுக்கத்துக்கு உதவும் என்பதற்காக. 2010 ஏப்ரல் 15-ல் நாமே செய்த கிரையோஜெனிக் என்ஜினோடு ஜி.எஸ்.எல்.வி. கிளம்பி, அந்த என்ஜின் வரை போய்த் தோற்றது. ஹைட்ரஜனைத் தள்ளும் ஒரு பம்ப் ஒழுங்காகத்தான் சுழல ஆரம்பித்தது, நிமிடத்துக்கு 34,800 சுற்று வரை. 0.9 விநாடி கழித்து வேகம் குறைந்தது, அடுத்த 0.6 விநாடியில் நின்றே போனது. மொத்தம் ஒன்றரை விநாடி. நாம் தும்மி முடிக்கும் நேரம். அந்த ஒன்றரை விநாடியில் ஃபிரேம்கள் சிதைந்திருந்தால், ‘என்ஜின் பற்றவில்லை’ என்பதற்குமேல் யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது.

அதே வருஷம் கிறிஸ்துமஸ் அன்று இன்னொரு ஜி.எஸ்.எல்.வி. மாலை 4 மணி 4 நிமிடத்துக்கு. எங்கள் மொட்டை மாடியிலிருந்தும் தெரியும், ஆனால் அப்போதெல்லாம் எண்ணூர் அனல் மின்நிலையப் புகையில் அடிவானம் பாதி போய்விடும். தங்கை வீடு பழவேற்காட்டில் இருந்ததால் அங்கே போயிருந்தோம். ஏவுதளத்திலிருந்து முப்பத்தைந்து கிலோமீட்டருக்குள்தான். ஏரிக்கரையில் நின்றோம். பின்னால் டீக்கடையில் தூர்தர்ஷன் நேரடி ஒளிபரப்பு.

சவுக்குத் தோப்புக்கு மேலே நெருப்பு எழுந்தது. நான் பழக்கதோஷத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நிமிடம் ஆவதற்குள் வெள்ளைக் கோடு தடுமாறியது, பிறகு ஒரே கோடாக இல்லாமல் சிதறியது. தங்கை புருஷன், “மச்சான், இப்படித்தான் பிரியுமா?” என்றார். நான் பதில் சொல்லவில்லை. பின்னால் டீக்கடை டிவியில் இன்னும் எல்லாம் சரியாகவே போய்க்கொண்டிருந்தது, சில விநாடி. பிறகு அங்கேயும் சிதறியது.

அதற்கப்புறம் வெளிவந்த கணக்கின்படி, 47.5 விநாடி வரை எல்லாம் சரி. 47.8-ல் கோளாறு ஆரம்பம். கிரையோஜெனிக் அடுக்கின் அடியில் இருந்த பத்து இணைப்பிகள் கழன்று, கணினியின் கட்டளை கீழே இருக்கும் அடுக்குகளுக்குப் போகாமல் நின்றது. 53.8-ல் உடைந்தது. 64-ல் தரையிலிருந்து அழிப்புக் கட்டளை.

ஏரிக்கரையில் யாரும் பேசவில்லை. வானத்தில் கிழிந்த புகை மட்டும் காற்றில் கோணிக்கொண்டிருந்தது. என் கடிகாரத்தில் ஒன்றரை நிமிடம் தாண்டியபோது தரை லேசாக அதிர்ந்தது. வடக்கிலிருந்து தண்ணீருக்கு மேல் ஒரு உறுமல் எழுந்து, வளர்ந்து, எங்கள் நெஞ்சுக்கூட்டுக்குள் புகுந்தது. அது கிளம்பிய சத்தம் அப்போதுதான் எங்களிடம் வந்து சேர்ந்தது.